தாமதமாய் வந்த ‘ம்’

1

போன வெள்ளிக்கிழமை எங்கள் அலுவலகத்தில் கேக் வெட்டினோம். பச்சைக் கிரீமில் ஒரு டவரும் அதிலிருந்து கிளம்பும் மூன்று வளைவுகளும் வரைந்த கேக். இன்னும் சந்தைக்கு வராத அடுத்த தலைமுறைக் கைப்பேசி வலையில், ஒரு சேதி கிளம்பிப் போய்ச் சேர ஆகும் தாமதத்தை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று எங்களுக்கு இலக்கு வைத்திருந்தார்களோ, அதைத் தொட்டுவிட்டோம். மேலாளர் லார்ஸ் நாலு வாக்கியம் பேசினார். அதில் ஒன்றில் என் பெயரும் வந்தது. குணசேகரன் என்ற பெயர் இவர்கள் வாயில் நுழையாமல் முதலில் குணா ஆகி, பிறகு அவர்கள் ஊர்ப் பெயரான குன்னார் ஆகிவிட்டது. எட்டு வருடத்தில் திருத்துவதை நானும் விட்டுவிட்டேன்.

கேக்கை ஒரு வாயோடு வைத்துவிட்டேன். முந்தின நாள் விருத்தாசலத்திலிருந்து அப்பா பேசியிருந்தார். என் தங்கை மலர்க்கொடி, பெண்ணாடத்துப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள், கணவன் வீட்டை விட்டு வந்து ஐந்து மாதமாக அப்பாவோடு இருக்கிறாள். அவளைத் திரும்பக் கொண்டுபோய் விடுவதென்று பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டார்களாம்.

“கார்த்திக பொறக்கறதுக்குள்ள வுட்டுட்டு வந்துடணும் குணா. நீ ஒரு வார்த்த அவளக் கேட்டுச் சொல்லு. ஒங்கிட்டதான் மனசு வுட்டுப் பேசுவா” என்றார்.

ஏழு வருடத்துக்கு முன்பும் அவளைக் கேட்டுச் சொல் என்று அப்பா இதே வாக்கியத்தைத்தான் சொன்னார். ஒரு எழுத்து மாறவில்லை.

2

ஸ்வீடனின் வடக்கே ஊமியோ என்ற ஊரில் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. டவர் ஏறுகிற வேலை என்று ஒரு சித்தப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். ஜாக்கிரதையாக ஏறு என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். நான் ஏறுவதில்லை. உட்கார்ந்த இடத்திலேயே முதுகு போய்விட்டது.

வேலையைச் சொல்கிறேன், பின்னால் வருவதற்கு அது வேண்டும். கைப்பேசியிலிருந்து கிளம்பும் பேச்சோ படமோ சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் காற்றில் போகும். ஒவ்வொரு துண்டுக்கும் எதிர்முனை ‘வந்தது’ அல்லது ‘வரவில்லை’ என்று ஒற்றை விடை சொல்ல வேண்டும். வரவில்லை என்றால் அதே துண்டைத் திரும்ப அனுப்புவோம். அந்த விடையில் எந்தத் துண்டுக்கான விடை என்று எழுதியிருக்காது. எழுதினால் இடம் பிடிக்கும், நேரம் போகும். அதற்குப் பதிலாக ஒரு ஒப்பந்தம்: சரியாக நான்கு மில்லி நொடி கழித்து வருகிற விடை, நான்கு மில்லி நொடிக்கு முன்னால் போன துண்டுக்கு உரியது. நேரத்தைப் பார்த்தே எதற்கான விடை என்று புரிந்துகொள்ள வேண்டும். நேரம் கொஞ்சம் பிசகினால் ஒன்றுக்குச் சொன்ன ‘ஆம்’ இன்னொன்றின் மேல் போய் விழும். அப்படி விழாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் குழுவில் என் பங்கு. அதற்காகத்தான் எனக்குச் சம்பளமும் குடியிருப்பு அனுமதியும் கேக்கும்.

இங்கே வந்த புதிதில், ஆராய்ச்சி மாணவனாக இதே அலுவலகத்துக்கு வந்துபோகும்போது, லார்ஸிடம் நான் எதைக் கேட்டாலும் அவர் ‘ஷுப்’ என்று மூச்சை உள்ளே இழுப்பார். இழுத்துவிட்டுப் பேசாமல் நிற்பார். ஆஸ்துமா என்று நினைத்து, ஒரு நாள் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். பிறகுதான் தெரிந்தது, வடக்கு ஸ்வீடனில் ‘ஆமாம்’ என்று சொல்ல வார்த்தை தேவையில்லை. உதட்டைக் குவித்து மூச்சை உள்ளே இழுத்தால் போதும். தண்ணீர் கதையை இன்றைக்கும் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

நம் ஊரில் வேறு மாதிரி. ஒருவர் பேசினால் மற்றவர் ம் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் பேசுகிறவர் பாதியில் நிறுத்தி, “கேக்குறியா?” என்பார். அந்த ‘ம்’முக்குப் பெரும்பாலும் சம்மதம் என்று அர்த்தம் இல்லை, காதில் விழுகிறது, மேலே சொல் என்பதுதான் அர்த்தம். சில சமயம் சம்மதம் என்றும் அர்த்தம். எது எப்போது என்பது எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்தால் தெரியும். போனில் முகம் கிடையாது.

3

2002. நான் இங்கே ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். விடுதித் தாழ்வாரத்தில் ஒரு பொதுத் தொலைபேசி. கடையில் வாங்கிய தொலைபேசி அட்டையைச் சுரண்டி, அதிலிருக்கும் நீண்ட எண்ணை ஒரு இலக்கம் தவறாமல் அமுக்கினால் விருத்தாசலம் கிடைக்கும். அந்த அட்டைகள் குரலை இணையத்தின் வழியாக எங்கெங்கோ சுற்றவிட்டுக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஒன்றரை நொடி, சில நாள் இரண்டு நொடி தாமதம். நான் பேசி முடித்து, பதில் இல்லையே என்று மறுபடி ஆரம்பிப்பேன். அப்போதுதான் அங்கிருந்து பதில் வரும். இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, “நீ சொல்லு”, “இல்ல, நீ சொல்லு” என்பதிலேயே பாதி நேரம் போய்விடும்.

அம்மா இறந்து அப்போது நாலு வருடம். மலர் நம் ஊரிலேயே செராமிக் டிப்ளமா முடித்து, தொழிற்பேட்டையில் ஒரு இன்சுலேட்டர் கம்பெனியின் பரிசோதனை அறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். சூளையிலிருந்து வரும் பீங்கான் இன்சுலேட்டர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும் வேலையும் அதில் உண்டு. கணீரென்று கேட்டால் நல்லது. மொட்டையாகக் கேட்டால் உள்ளுக்குள் விரிசல், அதை ஒதுக்கிவிட வேண்டும். முதல் மாதம் அதைப் பற்றித் தவிர வேறு எதையும் அவள் என்னிடம் பேசவில்லை. காது பழகிவிட்டதாம்; வீட்டில் டீ கிளாஸைக்கூடத் தட்டாமல் வைக்க மாட்டேனென்கிறாள் என்று அப்பா அலுத்துக்கொள்வார்.

அந்த நேரத்தில் பெண்ணாடத்திலிருந்து ஒரு வரன் வந்தது. சொந்தமாகக் கரும்புக் கொல்லை, டிராக்டர், ஆலைக்கு வண்டி விடுகிற குடும்பம். அப்பா ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். பெண் வாயால் சரி என்று கேட்காமல் தாம்பூலம் மாற்ற மாட்டேன் என்று மாப்பிள்ளை வீட்டாரிடமே சொல்லிவிட்டார். எனக்கு அதில் ரொம்பப் பெருமை. தெருவில் வேறு எந்த வீட்டிலும் அப்படிக் கேட்டதில்லை. ஆனால் தன்னிடம் சொல்ல அவள் வெட்கப்படுவாள் என்று, கேட்கும் பொறுப்பை அப்பா என்னிடம் விட்டார்.

கேட்டேன். அட்டையில் மீதி இரண்டு நிமிடம் என்று ஒரு பதிவுக் குரல் ஸ்வீடிஷில் சொன்ன பிறகுதான் அவள் லைனுக்கு வந்தாள். அவசரத்தில் ஏதேதோ விசாரித்துவிட்டு, “மாப்பிள்ளையப் புடிச்சிருக்கா மலரு?” என்றேன். கேட்டு வாய் மூடவில்லை, “ம்” என்றாள். ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. என் தங்கைக்கு இவ்வளவு ஆசையா என்று எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. லீவு கிடைக்குமா, எந்த வழியாக வருவது, என்ன வாங்கி வருவது என்று நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனேன். நடுவில் அவள் ஏதோ சொல்ல வந்தது என் குரலோடு மோதிக் கேட்காமல் போயிற்று. அட்டை தீர்ந்துவிட்டது.

மறுநாள் புது அட்டை வாங்கி அப்பாவிடம் சொன்னேன். “அவ சரின்னுட்டாப்பா. சந்தோஷமாவே சொன்னா.”

4

கல்யாணத்துக்கு நான் போகவில்லை. குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன்; பாஸ்போர்ட்டும் குடியேற்ற அலுவலகத்திலேயே கிடந்தது. வரிசை எண் சீட்டு எடுத்துக்கொண்டு மூன்று தடவை போய் உட்கார்ந்தேன். உங்கள் விண்ணப்பம் எங்களுக்குக் கிடைத்தது என்று ஒரு கடிதம் மட்டும் வந்தது. கிடைத்தது என்பது எனக்கும் தெரியும், நான்தானே கொடுத்தேன். ஆல்பம் வந்தபோது படத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன். கல்யாணப் படத்தில் யார்தான் சிரிக்கிறார்கள் என்று மூடிவைத்தேன். அதற்காக இன்றைக்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

மாப்பிள்ளை குடிகாரர் இல்லை. அடிப்பவரும் இல்லை. முதல் வாரமே வேலையை விடச் சொன்னார். டிப்ளமா சர்ட்டிபிகேட்டை மாமியார் பீரோவில் வைத்துப் பூட்டினார். விருத்தாசலம் பக்கத்தில்தான் இருக்கிறது, பஸ் ஏறினால் கொஞ்ச நேரம். ஆனால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தவிர அவள் அந்த பஸ்ஸில் ஏறவில்லை. என்னோடு போனில் பேசும்போது எப்போதும் பக்கத்தில் யாரோ இருந்தார்கள். நல்லாயிருக்கேன் என்பாள், வெச்சிடவா என்பாள். அண்ணனை மறந்துவிட்டாள் என்று எனக்கு மனத்தாங்கல். நானும் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டேன்.

இந்த வருடம் ஜூன் மாதம், சர்ட்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு கிளம்பி வந்துவிட்டாள். அப்பா கேட்ட முதல் கேள்வி, அடித்தானா என்பது. இல்லை என்றாள். அப்படியானால் என்ன காரணம் என்று அப்பாவுக்குப் புரியவில்லை. பழைய கம்பெனியில் அதே பரிசோதனை அறையில் திரும்ப வேலை கொடுத்தார்கள். ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா ஒரே பாட்டைப் பாடினார்: எம் பொண்ணக் கேட்டுதான் முடிச்சேன், அவ வாயால சரின்னு சொன்னா, எம் மேல என்ன தப்பு?

எனக்கும் உள்ளுக்குள் அதே கேள்வி இருந்தது என்பதை மறைக்க வேண்டாம். இருந்தும் அவளை இங்கே அழைத்துக்கொள்ளலாம் என்று அதே குடியேற்ற அலுவலகத்துக்குப் போனேன். ஸ்வீடிஷில் உடன்பிறந்தவர் என்பதற்கான வார்த்தையைத் தேடிக் கண்டுபிடித்து, இரண்டு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு சொன்னேன். குடும்பம் என்றால் மனைவி, குழந்தை என்று அந்த அம்மாள் விரல் விட்டுக் காட்டினார். படிவத்தில் தங்கைக்குக் கட்டமே இல்லை. அவளைச் சேர்த்துக்கொள்ள வழியே இல்லையா, புரிந்துகொள்ளுங்கள் என்றேன். புரிகிறது என்பதற்கு மூச்சை உள்ளே இழுத்துவிட்டு, அடுத்த எண்ணை அழைத்தார்.

5

ஞாயிற்றுக்கிழமை காலை, அங்கே மதியச் சாப்பாடு முடிந்திருக்கும் நேரமாகப் பார்த்து மலரின் செல்லுக்குக் கூப்பிட்டேன். எடுத்ததும் கயலிடம் கொடுக்கச் சொன்னாள். கயல் என் மகள், ஐந்து வயது, இங்கே பிறந்தவள். தமிழ் புரியும், பதில் ஸ்வீடிஷில் வரும். நான் கதை சொன்னால் ம் கொட்ட மாட்டாள். ஒருவர் பேசும்போது நடுவில் சத்தம் போடக்கூடாது என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சுவருக்குக் கதை சொல்வதுபோல இருக்கும். அத்தையை ஞாபகம் இருக்குதா என்று மலர் கேட்டிருக்கிறாள். கயல் ‘ஷுப்’ என்று மூச்சை இழுத்தாள். போனை என்னிடம் நீட்டிவிட்டுத் தன் பொம்மையைத் தேடிப் போய்விட்டாள்.

“ஏண்ணா கொழந்த அழுவுது? நான் ஒண்ணும் கேக்கலியே” என்று மலர் பதறினாள்.

அழவில்லை, இந்த ஊரில் அதுதான் ‘ம்’ என்று விளக்கினேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் சிரித்தாள். நல்ல ஊருதான் போ, ஆமாங்கறதக்கூட முழுங்கிடுறாங்க என்றாள். அந்தச் சிரிப்போடு விட்டிருக்கலாம். அப்பா சொன்னதைக் கேட்டாக வேண்டுமே என்ற கடுப்பில், என்னை அறியாமல் தப்பான இடத்தில் தொடங்கினேன். இப்போது வேண்டாமென்று வந்து நிற்கிறவள் அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, நீ ‘ம்’ என்று சொன்னதால்தானே எல்லாம் நடந்தது என்றேன்.

“நான் எப்ப சொன்னேன்?”

“ஹாஸ்டல்லேருந்து பேசுனேனே, அன்னிக்கு. புடிச்சிருக்கான்னு கேட்டதும் ம்னியே.”

“அதுக்கு முன்னாடி என்ன கேட்ட?”

எனக்கு ஞாபகம் இல்லை. அவளுக்கு இருந்தது. அந்த வருடம் வந்த முதல் உதவித்தொகையில் அவளுக்கு ஒரு கம்பளி ஸ்வெட்டர் வாங்கி அனுப்பியிருந்தேன். விருத்தாசலம் வெயிலுக்குக் கம்பளி ஸ்வெட்டர் அனுப்பிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். இங்கே குளிர்ந்தால் உலகமெல்லாம் குளிரும் என்ற நினைப்பு.

“ஸ்வெட்டரு வந்துச்சான்னு கேட்டண்ணா. அதுக்குத்தான் ம்னேன். நீ மாப்பிள்ளயப் பத்திக் கேட்டது அப்பறந்தான் எங்காதுல வுழுந்துச்சு. வேணாம்னு சொல்ல வாயத் தொறக்கறதுக்குள்ள லீவு, டிக்கெட்டுன்னு நீ பேசிகிட்டே போன. லைனும் கட்டாயிடுச்சு.”

அப்பாவிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

“சொன்னேன். அண்ணங்கிட்ட சரின்னுட்டு எங்கிட்ட மாத்திப் பேசுறியான்னாரு. நீ அவருகிட்டப் பொய் சொல்லிட்டன்னு நெனச்சேன். இத்தன வருசமும் அப்பிடித்தான் நெனச்சேன்.”

ஸ்வெட்டர் வந்ததா? ஒன்றரை நொடி அமைதி. புடிச்சிருக்கா? ம். காகிதத்தில் கோடு போட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. தினமும் அலுவலகத்தில் போடுகிற அதே கோடுதான். ஒன்றுக்குச் சொன்ன விடை இன்னொன்றின் மேல் விழக்கூடாது என்பதற்காக ஒரு நாட்டில் எனக்குச் சோறு போடுகிறார்கள். இயந்திரத்துக்கு நான்கு மில்லி நொடி காத்திருக்கச் சொல்லிக் கொடுத்தவன், தங்கைக்காக இரண்டு நொடி காத்திருக்கவில்லை. லைனின் மேல் பழியைப் போட எனக்கு மனசு வரவில்லை. லைன் மெதுவாக இருந்தது, அவ்வளவுதான். எனக்குக் கேட்க வேண்டியது எதுவோ அதை நான் கேட்டுக்கொண்டேன்.

“தெனமும் எத்தனையோ பீஸ் தட்டிப் பாக்குறேன்” என்றாள் மலர். கோபம் இல்லாமல் சொன்னதுதான் தாங்க முடியவில்லை. “நீ ஒரே ஒரு வாட்டி தட்டுன. சத்தம் வர்றதுக்குள்ள நல்ல பீஸுன்னு பெட்டியில வெச்சு அனுப்பிட்ட.”

அந்த ஸ்வெட்டர் என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. மார்கழிப் பனியில் கரும்பு வெட்டு நடக்கும்போது மாமியார் போட்டுக்கொள்வாராம். எடுத்து வரவில்லை என்றாள்.

பிறகு கேட்டேன். முன்னாலும் பின்னாலும் வேறு எதையும் சேர்க்காமல் கேட்டேன். “பெண்ணாடத்துக்குத் திரும்பப் போறியா மலரு? அப்பா கேக்கச் சொன்னாரு.” கேட்டுவிட்டு வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். அந்தப் பக்கம் மின்விசிறி ஓடுவது கேட்டது. அங்கே எங்கள் தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“ம்ஹூம்” என்றாள். கொஞ்சம் விட்டு, “கேட்டுச்சாண்ணா?” என்றாள்.

கேட்டது என்றேன்.

6

அப்பாவை உடனே கூப்பிட்டேன். கடைத்தெருவில் இருந்தார். ஓரமாக வரச் சொல்லி, அட்டையையும் ஸ்வெட்டரையும் தாமதத்தையும் ஆதியோடந்தமாகச் சொன்னேன். தப்பு என்னுடையது, அன்றைக்கு அவள் சம்மதிக்கவே இல்லை, நான்தான் உங்களிடம் தவறாகச் சொல்லிவிட்டேன் என்றேன். இப்போது கேட்டேன், போக மாட்டேன் என்கிறாள் என்றும் சொன்னேன். நான் பேசிய அவ்வளவு நேரமும் அப்பா ம் கொட்டவில்லை. முடித்த பிறகு தொண்டையைச் செருமினார்.

“லைன் சரியாக் கேட்டிருக்காது குணா. இன்னொரு வாட்டி அவளக் கேட்டுச் சொல்லு.”

அன்றைக்கு அவள் ‘ம்’ என்றதாகச் சொன்னபோது, இன்னொரு தடவை கேட்கச் சொல்லி இந்த மனிதருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

“நல்லாவே கேட்டுச்சுப்பா. போவ மாட்டேன்னா. நான் திரும்பக் கேக்க மாட்டேன், நீங்களும் கேக்காதீங்க” என்றேன்.

காத்திருந்தேன். கடைத்தெருவில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது, பஸ் நிற்பது, கண்டக்டர் திட்டக்குடி, திட்டக்குடி என்பது வரை எல்லாம் பக்கத்தில் நின்று கேட்பதுபோலக் கேட்டது. லைனில் ஒரு குறையும் இல்லை. அப்பாவிடமிருந்து ‘ம்’ வரவில்லை.